கடன் யார் பேரில்?

வேலூர் என்றால் தோல் என்றே எழுதிப் பழகிவிட்டோம். நான் விறகைப் பற்றி எழுதுகிறேன். 2019 ஜூலையில் வேலூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் மரம் வெட்டக் கொத்தடிமைகளாக இருந்த இருளர்கள் 42 பேர் மீட்கப்பட்டார்கள். அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம்தான் ஊரெல்லாம் பரவியது. நான் தேடியது பெண்களை.

அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது 1843 சட்டம். அதன் பிறகு அடிமைத்தனம் கடனுக்குள் போய் ஒளிந்துகொண்டது. முன்பணம் ஆணின் கையில். உழைத்துக் கழிப்பதோ மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து. 1976 சட்டம் அந்தக் கடனையே ஒழித்தது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கொடுத்தவர் தலையிலேயே வைத்தது.

விடுதலைச் சான்றிதழ் அவள் பெயரிலும் தனியாக வேண்டும். 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம்.