வால்வு ஆம்ப்பில் டயோடு கலப்படமா?

எலெக்ட்ரிக் கிடார்காரர்களிடம் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபையர் என்று நல்ல விலை கொடுத்து வாங்கி, திறந்து பார்த்தால் உள்ளே ஓரமாகச் சில டயோடுகள் இருக்கும். "இது சுத்த வால்வு சத்தமே இல்ல, கலப்படம்" என்பார்கள். இந்தக் கோபம் நியாயம்தானா? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் டிஸ்டார்ஷன் என்பது யாரும் கேட்டு வாங்கியது கிடையாது. அது வெறும் கோளாறு. 1951ல் மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்ய வந்தபோது, வில்லி கிசார்ட்டின் ஆம்ப் அடிபட்டிருந்தது. சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். கரகரத்த அந்தச் சத்தம் ஜனங்களுக்குப் பிடித்துப்போனது.

அறுபதுகளில் அதை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். வழி சுலபம்: வால்யூமை முழுசாகத் திருப்பினால் வால்வு திணறும், ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். ஆனால் லண்டனில் ஜிம் மார்ஷல் செய்த 100 வாட் ஆம்ப்பை வீட்டில் முழு வால்யூமில் வைத்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? 1975ல் மார்ஷல் மாஸ்டர் வால்யூம் கொண்டுவந்தது. முன்பக்கத்துச் சின்ன வால்வுகளைத் திணறவிட்டு, கடைசியில் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

எண்பதுகளில் அதுவும் பத்தவில்லை. மெட்டல் வாசிப்பவர்களுக்கு இன்னும் கரகரப்பு வேண்டும். இன்னொரு வால்வு சேர்த்தால் செலவு, இடம், இரைச்சல் எல்லாம் கூடும். டயோடோ சில்லறைக் காசு. 1978ல் வந்த பாஸ் டிஎஸ்-1 பெடலில் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. மார்ஷல் அதே உத்தியை ஆம்ப்புக்குள்ளேயே வைத்தது: ஜேசிஎம் 800 வரிசையின் 2205, 2210, பிறகு 1987ல் சில்வர் ஜூபிலி, 1990ல் ஜேசிஎம் 900.

வேலை செய்கிற விதம் ரொம்ப எளிது. இரண்டு டயோடுகளை எதிரெதிராக வைத்து சிக்னலை கிரவுண்டோடு இணைக்கிறார்கள். சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ளும். அதற்கு மேல் வருவதெல்லாம் கிரவுண்டுக்குப் போய்விடும், உச்சி வெட்டுப்படும். ஜெர்மேனியம் என்றால் சுமார் 0.3, சிவப்பு எல்இடி என்றால் 1.7 வோல்ட் அளவில். அவ்வளவுதான்.

இப்போது 'சுத்த வால்வு' விஷயத்துக்கு வருவோம். 1904ல் ஃபிளெமிங் கண்டுபிடித்த முதல் வால்வே ஒரு டயோடுதான்! 1906ல் லீ டி ஃபாரஸ்ட் அதற்கு நடுவில் கிரிட் என்ற மூன்றாவது உறுப்பைச் சேர்த்தார், அதிலிருந்துதான் ஆம்ப்ளிஃபையர் பிறந்தது. இன்னைக்கும் அந்தப் பழைய டயோடு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. சிக்னல் பெரிதாகி கிரிட், கேத்தோடைவிட பாசிட்டிவ் ஆகும்போது அவை இரண்டும் சேர்ந்து டயோடாகவே நடந்துகொள்கின்றன. 'வால்வு டிஸ்டார்ஷன்' என்று நாம் ரசிப்பதில் ஒரு பாதி, டயோடு வெட்டிய வெட்டு.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. கிரிட் வழியாக மின்னோட்டம் பாயும்போது முன்னாலிருக்கும் கப்பாசிட்டர் சார்ஜ் ஆகி, வால்வின் பயாஸ் நகர்ந்துவிடும். அழுத்தி வாசித்தால் ஒரு மாதிரி, மெதுவாக வாசித்தால் வேறு மாதிரி வெட்டும். விரலுக்குப் பதில் சொல்கிறது என்கிறார்களே, அது இதனால்தான். டயோடு ஜோடி அப்படி நகராது. மேலும் கீழும் ஒரே இடத்தில் வெட்டும்.

ஆனால் அந்த வெட்டு எங்கே நடக்கிறது, அதற்குப் பிறகு என்ன வருகிறது என்பதுதான் கடைசியில் காதுக்குக் கேட்கிறது. ஜேசிஎம் 900ஐ டயோடைக் காட்டித் திட்டுகிறவர்கள் பலர். சில்வர் ஜூபிலியிலும் டயோடு இருக்கிறது, ஆனால் ஸ்லாஷ் விரும்பி வாசித்தது அதைத்தான். 1996ல் மார்ஷல் ஒரு கலைஞர் பெயரில் வெளியிட்ட முதல் ஆம்ப் அவர் பெயரில் வந்தது. அடிப்படை அந்த ஜூபிலி சர்க்யூட்.

ஆம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே யோசனை: முதலில் வாசித்துப் பாருங்கள், மூடியை அப்புறம் திறந்துக்கலாம்.