பாசிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

போன மாசம் பெங்களூர்ல இருக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தன் ஃபோன் பண்ணான். அவன் வீட்ல ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ள ஒரு கெக்கோ, அதாவது ஒரு வகைப் பல்லி. தொட்டித் தரை முழுக்கப் பாசி பரப்பி வெச்சிருந்தான். மழைக்காலத்துல நம்ம மதில்மேல வெல்வெட் மாதிரி படியுமே, அந்தப் பாசி. "டெய்லி ரெண்டு வேளை தண்ணி அடிக்கிறேன்டா, அப்பவும் பழுப்பாகிச் செத்துடுது"ன்னு புலம்பினான். அதுக்குப் பதில் தேடிப் போன நான், 1829-ஆம் வருஷத்து லண்டன்ல போய் நின்னேன்.

கிழக்கு லண்டன்ல நத்தேனியல் பேக்‌ஷா வார்ட்னு ஒரு டாக்டர். வீட்டுக் கொல்லையில பாறைகளை அடுக்கி, பாசியும் பெரணியும் வளர்க்கணும்னு அவருக்கு ஆசை. ஆனா ஊர் முழுக்க நிலக்கரிப் புகை. வெச்சதெல்லாம் செத்துப்போச்சு. இன்னொரு பக்கம், ஒரு அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவை ஈரமண்ணுல புதைச்சு, ஒரு பாட்டில்ல மூடி வெச்சிருந்தார். பூச்சி வர்றதுக்கு முன்னாடி, அந்த மண்ணுல ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைச்சு வந்தது!

பகல்ல மண்ணுல இருந்து ஆவியான தண்ணி, கண்ணாடியில படிஞ்சு திரும்ப மண்ணுக்கே இறங்குது. புகை உள்ள வரல. அந்தச் செடிகள் தண்ணியே ஊத்தாம கிட்டத்தட்ட நாலு வருஷம் வாழ்ந்தது. கடைசியில எப்படிச் செத்தது தெரியுமா? மூடி துருப்பிடிச்சு, மழைத்தண்ணி அளவுக்கு மீறி உள்ள இறங்கிடுச்சு.

என் ஃப்ரெண்டோட சிக்கலும் இங்கதான் இருக்கு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலை வழியாத்தான் தண்ணி குடிக்கும். அதுக்கு வேண்டியது ஈரமான காத்து. இவன் தொட்டிக்கு மேல வலைமூடி, அதுக்கு மேல சூடான லைட். மேல காய்ஞ்சு, கீழ தண்ணி தேங்கி அழுகுது. அதுக்காக வார்ட் மாதிரி முழுசா மூடவும் முடியாது, பல்லிக்குக் காத்தோட்டம் வேணும். அதனால அடியில கூழாங்கல் அடுக்கு, வலையில பாதியை மூடுறது, லைட்டை ஒரு ஓரத்துக்கும் பாசியை இன்னொரு ஓரத்துக்கும் மாத்துறதுன்னு நடுவழிதான்.

கதை இங்க முடியல. 1833-ல வார்ட் ரெண்டு பெட்டி நிறையப் பெரணி, பாசி, புல் வெச்சு சிட்னிக்குக் கப்பல்ல அனுப்பினார். பெரும்பாலானவை உயிரோட போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த பெட்டியில ஆஸ்திரேலியச் செடிகள் பசுமையா இருந்தது. அதுவரை உப்புக்காத்துல இருபது செடியில பத்தொன்பது செத்துடும்னு சொன்ன லண்டன் நர்சரிக்காரர் லாடிஜஸ், இப்போ இருபதுக்குப் பத்தொன்பது பிழைக்குதுன்னார்.

இதைப் பேரரசு சும்மா விடுமா? 1876-ல ஹென்றி விக்கம் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைச்சதுல 1,900-க்கும் மேற்பட்ட கன்னுகள் வார்ட் பெட்டிகள்ல ஏறி இலங்கைக்கு வந்தது. அடுத்த வருஷம் 22 கன்னு சிங்கப்பூர் போச்சு. அங்கிருந்துதான் மலாயாவோட ரப்பர் எஸ்டேட்டுகள்.

அந்த மரத்துக்கு மலேசியத் தமிழர்கள் வெச்ச பேர் பால்மரம். அதைச் சீவுறதுக்காக மெட்ராஸ்லயும் நாகப்பட்டினத்துலயும் கப்பல் ஏறினவங்க நம்ம ஆளுங்க. கன்னுக்குக் காத்து, வெயில், உப்பு எல்லாம் பார்த்து ஒரு பெட்டி செஞ்சாங்க. மனுஷங்க திறந்த மேல்தளத்துல, மூட்டை முடிச்சோட நெருக்கியடிச்சு உட்கார்ந்து போனாங்க. உங்க வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது மலாயா போன கதை சொல்லியிருந்தா, அதுக்குப் பின்னால இந்தக் கண்ணாடிப் பெட்டியும் இருக்கு.

ஃப்ரெண்டோட பாசி இப்போ ஒரு மூலையில துளிர்க்குது. ஃபோட்டோ அனுப்பினான். "தண்ணி அடிக்கிறதைக் குறைச்சேன்டா, அவ்வளவுதான்"ங்கிறான். வார்ட் டாக்டர் கேட்டா சந்தோஷப்படுவார்.