நூலகக் கணினியும் வாசகரின் அந்தரங்கமும்



வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கும் இணையத்தின் கதவைத் திறந்துவிடும் இடம் பொது நூலகம். அங்கே ஒரே கணினியை நாள்தோறும் பலர் பயன்படுத்துகின்றனர். ஒருவர் தேடியதை மற்றொருவர் அறியாதவாறு காப்பது நூலகத்தின் கடமை. இக்கடமை கணினியோடு வந்ததன்று. அதன் வரலாற்றைச் சற்றே காண்போம்.

கணினிக்கு முந்திய காலத்தில் பிரிட்டிஷ் நூலகங்களில் 'பிரௌன் முறை' எனும் இரவல் முறை பரவலாக இருந்தது. வாசகரின் பெயர் எழுதிய சிறு அட்டைப் பைக்குள் நூலின் சீட்டைச் செருகி, நூலகர் தட்டில் அடுக்கி வைப்பார். நூல் திரும்பி வந்ததும் சீட்டு நூலுக்குள் செல்லும். பை வாசகரிடம் செல்லும். யார் எதைப் படித்தார் என்பதற்குத் தடயமே எஞ்சாது. 1939ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கம், வாசகரைப் பற்றி அறிந்தவற்றை வெளியிடாமல் காப்பது நூலகரின் கடமை எனத் தன் நெறிமுறையிலேயே எழுதி வைத்தது.

கணினி இந்நிலையை மாற்றியது. பார்த்த பக்கங்களும் தட்டச்சு செய்த சொற்களும், எவரேனும் அழிக்கும்வரை அதனுள் தங்கிவிடுகின்றன. 2001 அக்டோபரில் அமெரிக்காவில் 'பேட்ரியட்' சட்டம் நிறைவேறியது. நூலகப் பதிவுகளை அரசு கேட்டுப் பெறும் அதிகாரம் அதனால் விரிவடைந்தது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நூலகத்தார் 2003இல், கணினிக்குப் பெயர் பதியும் தாள்களை அன்றன்றே கிழித்து அழித்தனர். இல்லாத பதிவை எவரும் கேட்க இயலாதல்லவா?

2005இல் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகக் கூட்டமைப்பு ஒன்றிடம் எஃப்.பி.ஐ. ஒரு கடிதம் கொடுத்தது. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள், 45 நிமிட நேரம் ஓர் இணைய முகவரியைப் பயன்படுத்தியவர் யார் என்று அது கேட்டது. கடிதம் வந்ததை வெளியில் சொல்லவும் தடை. நூலகர் நால்வர் பணிய மறுத்து நீதிமன்றம் சென்றனர். 2006இல் வாய்ப்பூட்டு நீங்கியது, கோரிக்கையும் கைவிடப்பட்டது.

இவ்வரலாறு நமக்கும் பொருந்தும். தன் உடலில் தோன்றும் மாற்றத்தைப் பற்றியோ, வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் பற்றியோ பிள்ளை முதலில் தேடுவது நூலகக் கணினியிலாக இருக்கலாம். யாரோ பார்ப்பார் என்ற அச்சம் வந்தால், அக்கேள்வி பிறக்குமுன்பே மடிந்துவிடும். பிள்ளைக்கு வழிகாட்டுவது வேறு. அவன் தேடியதை ஒளிந்திருந்து படிப்பது வேறு என்பதே என் கருத்து.

எனவே, கடவுச்சொல்லைக் கணினியில் சேமிக்காதிருத்தல், எழும்புமுன் கணக்கிலிருந்து முறையாக வெளியேறுதல், பதிவிறக்கிய கோப்புகளை அழித்தல் ஆகிய மூன்றையும் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். ஒவ்வொருவரும் எழுந்து சென்றதும் கணினியிலுள்ள தடயங்கள் தாமாகவே அழிகின்றனவா என்று நம் வட்டார நூலகரிடம் கேட்போம். அவ்வாறு கேட்பது நம் உரிமை.

சிந்திப்போம், செயல்படுவோம்.