பள்ளி மேலாண்மைக் குழுவில் யாருக்கெல்லாம் இடம்? புதுச்சேரியில் காலியாகக் கிடக்கும் நாற்காலி எது?

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தாச்சு. அதுக்கு அப்புறம் பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்கு என்ன வேலை? ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது மட்டும்தானா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, எல்லா அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஆசிரியர்கள் 'எஸ்.எம்.சி.' என்று சொல்வது இதைத்தான். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. பி.டி.ஏ. ஒரு சங்கம். எஸ்.எம்.சி. சட்டம் சொல்லி அமைக்கப்படும் குழு.

யாருக்கு எத்தனை இடம்?

குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த நிபந்தனைதான் பலருக்குத் தெரியாதது: வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு, நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ப இடம் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, சமூக ரீதியாகப் பின்தங்கிய குடும்பங்கள் இதில் வரும். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் இதில் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். குழுவில் 20 பேர் என்றால் 15 பேர் பெற்றோர், 10 பேர் பெண்கள். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இந்தப் பிரிவினர் என்றால், அந்த 15 இடத்தில் ஏழோ எட்டோ அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்களை அழைத்து உட்கார வைத்துவிட்டு 'குழு அமைத்தாச்சு' என்று எழுதிக்கொள்ள முடியாது.

மத்திய அரசின் மாதிரி விதிகள்படி, தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோர் உறுப்பினர்களில் இருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர், அவ்வளவுதான். மாதம் ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குழுவை மாற்றி அமைக்க வேண்டும்.

நாற்காலி காலி

சட்டம் இந்தக் குழுவில் இன்னொருவரையும் கேட்கிறது. அவர் உள்ளாட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. வார்டு கவுன்சிலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு முன்னால் சாக்கடை நிரம்பினாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், பெற்றோர் சொன்னதை நகராட்சிக்குக் கொண்டுபோக வேண்டியவர் அவர்.

புதுச்சேரியில் அப்படி ஒருவர் இல்லை. இங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அதுவே 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து நடந்த தேர்தல். 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. புதுச்சேரி, உழவர்கரை உட்பட 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில்தான் இருக்கின்றன. 2021-ல் தேர்தல் அறிவிப்பு வந்தது. பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் இடஒதுக்கீடு விடுபட்டது பிரச்சினையாகி, விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தேர்தலே நின்றுபோனது.

கல்வி உரிமைச் சட்டம் வந்த அடுத்த ஆண்டே புதுச்சேரியில் கவுன்சிலர்களின் காலம் முடிந்துவிட்டது. சட்டம் சொன்ன அந்த நாற்காலியில் உட்கார ஆளே இல்லை. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது ஆச்சரியம்தான்.

தனியார் பள்ளி என்றால்?

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு 21-வது பிரிவு பொருந்தாது. உதவிபெறும் பள்ளிகளில் குழு இருக்கலாம், ஆனா ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிஷன் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் புதுச்சேரி மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

சிபிஎஸ்இ இணைப்பு பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. சிபிஎஸ்இ விதிப்படி அதில் 21 பேர் வரை இருக்கலாம். பெற்றோருக்கு இரண்டு இடம். அரசுப் பள்ளியில் முக்கால் பங்கு, இங்கே இரண்டே இரண்டு.

தனியார் பள்ளிகளில் யார் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள் என்பதை மாற்றக்கூடிய பிரிவு 12(1)(சி). நுழைவு நிலை வகுப்பில் 25 சதவீத இடம் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு. கட்டணத்தை அரசு ஈடுகட்டும். 2012-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புதுச்சேரியில் இதைச் செயல்படுத்தச் சொல்லி பெற்றோர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன.

இதே ஊரில் 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளியும் இருக்கிறது. அங்கே பள்ளிக் கவுன்சிலுக்கான பெற்றோர் பிரதிநிதிகளைப் பெற்றோரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் உண்டா?

இல்லை. புதுச்சேரிக்குத் தனிக் கல்வி வாரியமே கிடையாது. புதுச்சேரி, காரைக்காலில் தமிழ்நாட்டுப் பாடம், மாஹேயில் கேரளப் பாடம், ஏனாமில் ஆந்திரப் பாடம் என்றுதான் இருந்தது. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறத் தொடங்கின. 2025-ல் 10, 12-ம் வகுப்பு மாணவர்கள் முதல்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். தமிழின் இடம் என்னாகும், ஆசிரியர்கள் தயாரா என்று எதிர்க்கட்சிகளும் தமிழ் அமைப்புகளும் கேட்டன. நீட் மாதிரி நுழைவுத் தேர்வுகளுக்கு உதவும் என்றது அரசு. இரண்டு பக்கமும் பேசியது சட்டமன்ற அளவில். இதில் முடிவெடுக்க எஸ்.எம்.சி.க்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை.

சாதி பிரச்சினை வந்தால்?

பக்கத்துத் தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, அந்தப் பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதிக்காரரை அங்கே தலைமை ஆசிரியராக நியமிக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. பாஜக கடுமையாக எதிர்த்தது. கயிறு மத நம்பிக்கை சார்ந்தது என்பது அவர்கள் வாதம்.

புதுச்சேரி அரசை அந்த அறிக்கை கட்டுப்படுத்தாது. ஆனா மதிய உணவில் பந்தி பிரிகிறதா, கழிப்பறையைக் கழுவ யார் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பதை எஸ்.எம்.சி. கூட்டத்திலேயே கேட்கலாம். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் முதல் வேலை. மதிய உணவைக் கண்காணிக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. கேள்வி கேட்க அந்தப் பிள்ளையின் அம்மா கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். விகிதாசார இடம் எதற்கு என்றால், இதற்குத்தான்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். கடைசிக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டைக் கேளுங்கள், மாதிரி விதிகள்படி அது பொதுமக்கள் பார்வைக்கு உரியது. தரவில்லைனா தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், வந்த மானியம் எதற்குச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் பொறுப்பு என்பதால் அந்தக் கணக்கையும் கேட்கலாம். குழந்தையின் கல்வி உரிமை மீறப்பட்டால் 32-வது பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.