பாலாற்றங்கரை மின்கம்பியும் வீட்டு ஒலிக்கருவியும்

செங்கல்பட்டு வட்டாரத்திலும் மாமல்லபுரம் கடலோரத்திலும் ஒலிக்கருவியோடு ஸ்டெபிலைசரையும் சேர்த்து வாங்கும் வழக்கம் ஒலிநயம் பற்றிய அக்கறையில் பிறந்ததன்று. மாலையானால் விளக்கு மங்கும் ஊர்களின் மின்வரலாற்றில் பிறந்தது. 1957-இல் மாநில மின்வாரியம் அமைந்தபின் சிற்றூர்களை எட்டிய கம்பிகள் வீட்டு விளக்குகளோடு பாலாற்றங்கரைக் கிணற்று மோட்டார்களையும் சுமந்தன. மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், 230 வோல்ட் வரவேண்டிய கடைக்கோடி வீட்டில் மின்னழுத்தம், 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள் அனுமதித்த 6 விழுக்காட்டு ஏற்ற இறக்கத்தையும் தாண்டிச் சரிவது இயல்பாயிற்று. கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியதும் இக்குறையைப் போக்கவில்லை. அங்கு விளைவது உயரழுத்தக் கம்பிகளில் மின்தொகுப்புக்குப் போய்விட, வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பவையோ தெருமுனை டிரான்ஸ்பார்மரும் அங்கிருந்து வரும் கம்பியின் நீளமும் பருமனுமே.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1977-இல், கொச்சியில் வி-கார்டு ஸ்டெபிலைசர் தயாரிப்பு தொடங்கியது. டிவிக்கென்று வாங்கிய பெட்டியிலேயே டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிபையரும் ஒண்டிக்கொண்டன. ஒற்றைச் சுற்றின் பல முனைகளிலிருந்து வெவ்வேறு அழுத்தம் தரும் மின்மாற்றியும், முனையை மாற்றிவிடும் ரிலே எனும் மின்விசையும் சேர்ந்ததே அப்பெட்டி. ரிலே மாறும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'டக்' என்ற ஓசை எழக்கூடும் என்பது படம் பார்ப்பவருக்குப் பொருட்டன்று, பாட்டுக் கேட்பவருக்கோ தொல்லை. சிறு மோட்டாரால் கரித்தூரிகையை நகர்த்தி அழுத்தத்தைப் படிப்படியாகச் சரிசெய்யும் சர்வோ ஸ்டெபிலைசர் இக்குறையைத் தீர்த்தது எனினும், இரண்டுமே அழுத்தத்தின் அளவைத் திருத்தினவேயன்றி மின்னலையின் மாசை நீக்கவில்லை.

அந்த வேறுபாடு வெளிப்பட்டது மின்வெட்டுக் காலத்தில்தான். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவிய மலிவான இன்வெர்ட்டர்கள், சீராக ஏறியிறங்கும் அலைக்குப் பதில் சதுர அலையைத் தந்தமையால், வோல்டேஜ் சரியாக இருந்தும் ஆம்ப்ளிபையர் உறுமியது. இதற்கு ஏற்ற மருந்து சைன் அலை இன்வெர்ட்டரே. கம்பிவழி வரும் இரைச்சலைக் குறைக்க வடிகட்டியும், உள்ளீட்டுச் சுற்றையும் வெளியீட்டுச் சுற்றையும் தனித்தனியே பிரித்த ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரும் உதவும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி பொருத்திய இக்காலக் கருவிக்கு ஸ்டெபிலைசர் பெரும்பாலும் வீண்செலவு. பழக்கத்தால் இன்னும் வாங்கப்படுகிறது.

2012-இல் நீலம், 2022-இல் மாண்டஸ் ஆகிய புயல்கள் மாமல்லபுரத்தருகே கரைகடந்தன. அத்தகைய வேளைகளில் இடிமின்னலாலும் கம்பிக் கோளாறாலும் கணநேரம் பாயும் மிகையழுத்தத்தைச் சர்ஜ் தடுப்பான்களில் பல எர்த் கம்பி வழியே மண்ணுக்குத் திருப்புகின்றன. ஆயினும் காய்ந்த கடல்மணலும் திருக்கழுக்குன்றம் போன்ற இடங்களின் பாறைத்தரையும் மின்னோட்டத்தை எளிதில் ஏற்பதில்லை, உப்புக்காற்றோ எர்த் இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. ஆகவே இக்கடலோரத்தில், கரியும் உப்பும் இட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றப்படும் எர்த் குழியைச் சோதித்த பிறகே எந்தப் பெட்டியின் விலையையும் விசாரிப்பது பொருந்தும்.