மழைக்கால வயல் வேலைக்கு ஏற்ற காலணி: தேர்வும் பராமரிப்பும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும். இந்த மூன்று மாதங்களில் வயல், வரப்பு, வாய்க்கால், மாட்டுக் கொட்டகை என எங்கு போனாலும் ஈரம்தான். விதைக்கும் உரத்துக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் நீங்கள், தண்ணீர் புகாத ஒரு ஜோடி காலணியையும் சாகுபடிச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலில் புண் வந்தோ காய்ச்சல் வந்தோ ஒரு வாரம் படுத்துவிட்டால், களையெடுப்பும் மேலுரமும் தள்ளிப்போகும்.

ஏன் அவசியம்?

* எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இதன் கிருமி இருக்கும். காலில் உள்ள வெட்டு, கீறல், வெடிப்பு வழியாகவும், நீரில் ஊறிய தோல் வழியாகவும் அது உடலுக்குள் நுழையும்.
* பாம்புக்கடி: பெரும்பாலான கடிகள் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகின்றன. முழங்கால் உயர பூட்ஸ் இந்த ஆபத்தைக் குறைக்கும். இருந்தாலும் இரவில் நீர் பாய்ச்சப் போகும்போது டார்ச்சும் கம்பும் கட்டாயம் வேண்டும்.
* சேற்றுப்புண்: விரல் இடுக்கு நெடுநேரம் ஈரமாக இருந்தால் பூஞ்சை வளரும்.

எந்த வேலைக்கு எது?

வரப்பு நடை, வாய்க்கால் வெட்டுதல், கொட்டகை கழுவுதல், மருந்து தெளித்தல் ஆகியவற்றுக்கு முழங்கால் உயர ரப்பர் அல்லது பிவிசி பூட்ஸ் ஏற்றது. ரப்பர் நன்றாக வளைந்து கொடுக்கும். பிவிசி விலை குறைவு.

மலைத் தோட்டங்களில் ஏறி இறங்குபவர்களுக்கும், பால் சொசைட்டி, சந்தை என அன்றாடம் நடப்பவர்களுக்கும் கணுக்கால் உயர ஷூ வசதியானது. இவற்றில் சில வகைகளின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு இருக்கும். அது வெளியிலிருந்து தண்ணீரை விடாது. வியர்வை ஆவியை மட்டும் வெளியேற்றும். ஆனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் இது பயன்படாது. மேல்வழியாக உள்ளே புகுந்த தண்ணீர் எளிதில் காயாது. எனவே நீங்கள் இறங்கும் தண்ணீரின் ஆழத்தை வைத்தே காலணியின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

உழுது சேறாக்கிய நடவு வயலில் பூட்ஸ் புதைந்து இழுபடும். அங்கே வெறுங்காலில் இறங்க நேர்ந்தால், காயங்களைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலில் ஆறாத புண் உள்ளவர்களும் சேற்றில் இறங்குவதைத் தவிர்ப்பது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மாலையில் வாங்குங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்.
2. காலுறை அணிந்து போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குதிகால் தளர்ந்தால் சேற்றில் கழன்றுவிடும்.
3. அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் இருக்க வேண்டும். வழவழப்பானது வரப்பில் வழுக்கும்.
4. ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். ரப்பர் பூட்ஸுக்கு ஐஎஸ் 5557, பிவிசி பூட்ஸுக்கு ஐஎஸ் 12254 என்ற எண் இருக்கும்.

பயன்படுத்தும் முறை

தண்ணீரை உள்ளே விடாத பூட்ஸ், வியர்வையையும் வெளியே விடாது. எனவே எப்போதும் காலுறை அணியுங்கள். நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி கையில் இருக்கட்டும். வேலை இடைவேளையில் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள்.

மருந்து தெளிக்கும்போது பேண்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கிவிடும். தோல் செருப்பு மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. எனவே அதைத் தவிர்க்கவும்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் உள்ளும் புறமும் கழுவி, நிழலில் தலைகீழாகக் காய வையுங்கள். நேர் வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் ரப்பர் வெடிக்கும். ஓட்டை இருக்கிறதா என அறிய, பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக் கசிவைப் பாருங்கள். ரப்பர் பூட்ஸில் உள்ள சிறு ஓட்டையை சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டுவது போல ஒட்டலாம். பிவிசியில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது.

ஒவ்வொரு முறையும் போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள். தேளோ பாம்புக் குட்டியோ உள்ளே புகுந்திருக்கலாம்.

சேற்று வேலை செய்த ஒரு மாதத்திற்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் காமாலை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். வயலில் இறங்கி வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மருந்தில் குணமாகும்.