பாபா சொன்ன கடிகாரம்

1939இல் கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்கு வந்த இயற்பியலாளர் ஹோமி பாபாவை உலகப்போர் இந்தியாவிலேயே நிறுத்திவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. சர் சி.வி. ராமன் பணியாற்றிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அணுசக்தி பாபாவை எல்லோருக்கும் தெரியும். நமக்கு இந்த வாரம் வேண்டியவர் அதற்கு முந்தைய பாபா.

1938இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று உண்டு. காஸ்மிக் கதிரில் வரும் கனத்த துகள் தானாகச் சிதையும் என்றால், அதை ஒரு கடிகாரமாகவே கொள்ளலாம். சார்பியலின்படி அது வேகமாக ஓடும்போது சிதைய அதிக நேரம் பிடிக்கும் என்றார்.

அந்தத் துகளை இன்று மியூவான் என்கிறோம். சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளி வேகத்தில் பாய்ந்தாலும் 660 மீட்டருக்குள் கதை முடிய வேண்டும். பிறப்பதோ சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். ஆனாலும் தரைக்கு வந்துவிடுகிறது!

ஒரு பெரிய கட்டத்தாள் எடுங்கள். கிடையாக 1 செ.மீ.க்கு 300 மீட்டர், செங்குத்தாக 1 செ.மீ.க்கு 1 மைக்ரோ வினாடி. மூலையில் மியூவான் பிறக்கிறது. 50 செ.மீ. தள்ளி நிமிர்ந்து நிற்கும் கோடுதான் தரை. ஒளி வேகத்தில் 99.9 சதவீதத்தில் வரும் மியூவானின் சாய்கோடு, தரைக்கோட்டை 50.05 செ.மீ. உயரத்தில் தொடும். நம் கணக்கில் 50.05 மைக்ரோ வினாடி. மியூவானின் கணக்கில் வெறும் 2.24. சாய்கோட்டை அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஏமாறுவோம். கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி 1908இல் தந்த வடிவியலில் நேரத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். பள்ளியில் படித்த பித்தாகரஸ் இங்கே ஒரு குறியை மாற்றிக்கொள்கிறார், அவ்வளவே.

மியூவானோடு கூடவே வருபவரைக் கேட்டால், “என் கடிகாரத்துக்கு ஒன்றுமில்லை, உங்கள் 15 கிலோமீட்டர்தான் 670 மீட்டராகச் சுருங்கிவிட்டது” என்பார். தரையைத் தொட்டதா என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை வராது.

1940இல் இயற்பியலாளர்கள் ரோஸியும் ஹாலும் அமெரிக்காவின் கொலராடோவில், மலை உயரத்திலும் டென்வர் நகரிலும் மியூவான்களை எண்ணி, வேகமாக ஓடும் துகள் சிதைய அதிக நேரம் பிடிப்பதை உறுதிசெய்தார்கள். பாபா பெங்களூரில் இருந்தபடியே 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு இறுதியில் அது பம்பாய்க்குப் பெயர்ந்தது. அதே நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் 1951இல் மியூவானைத் தேடிக் கருவிகளோடு கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார்.

(தொடரும்)